பொய்ச் சண்டையும் மெய்க் காயமும்

ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் ஓர் அறைக்கு ஏழெட்டுப் பேர் என்று அடைந்து கிடக்கும் வாடகை வீடுகளில், ஷிப்டு முடிந்து வந்த வாலிபர்கள் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்க்கிறார்கள். படித்த கனவான்கள் சிலருக்கு இதைக் கண்டால் சிரிப்புத் தாங்குவதில்லை. அது பொய்ச் சண்டையாம். ஜெயிப்பது யார், தோற்பது யார் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறார்களாம். இதைப் போய் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறவர்கள் எப்படி உருப்படுவார்கள் என்று ஏளனம் பேசுகிறார்கள்.

மல்லனைப் பார்த்து ரசிப்பது ஒன்றும் கேவலம் அல்ல. நம் காஞ்சியை ஆண்ட நரசிம்மவர்மப் பல்லவனே 'மாமல்லன்' என்று பட்டம் சூடிக்கொண்டவன்தான். அது போகட்டும். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டது என்ற சங்கதி தொழிலாளிக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள், கனவான்களே? சம்பளப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு, நாலு மணி நேரம் உட்கார வைத்து, முந்திய நாளே டைப் அடித்து வைத்த காகிதத்தை மேஜைமேல் தூக்கிப் போடுகிற நிர்வாகங்களை அவன் பார்த்திருக்கிறான். எழுதி வைத்த முடிவு எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. முடிவை எழுதுகிறவன் யார்? அடி வாங்குகிறவன் யார்? வசூலான பணம் யார் பைக்குப் போகிறது? இந்த மூன்று கேள்விகளையும் அந்த மல்யுத்தக் கம்பெனியிடம் கேட்போம். பிறகு நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் கேட்போம். கொரோனாக் காலத்தில் இரண்டு இடத்திலும் நடந்தது ஒரே நாடகம்தான் என்பது விளங்கும்.

பெயரை மாற்று, பொறுப்பைக் கழற்று!

இந்தத் தொழிலில் பெரிய புள்ளி, டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்கக் கம்பெனி. தங்கள் சண்டை மெய்யான சண்டை என்று நெடுங்காலம் பாவனை காட்டி வந்தவர்கள், 1989-ல் நியூ ஜெர்சி மாநிலத்தின் செனட் சபை முன்னே திடீரென்று அரிச்சந்திரன்களாக மாறினார்கள். இது போட்டி விளையாட்டு அல்ல, ஜனங்களுக்கான கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஏன் இந்த ஞானோதயம்? விளையாட்டு என்றால் மாநிலக் கமிஷனின் மேற்பார்வை உண்டு, வரியும் உண்டு. கேளிக்கை என்று பெயரை மாற்றினால் இரண்டிலிருந்தும் தப்பலாம். கணக்குப் புத்தகத்தில் பிறந்த ஞானம் அது!

சரி, மேடையில் புரளுகிற மல்லனுக்கு என்ன பெயர்? அவன் தொழிலாளி அல்லவாம். 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்' ஆம்! எந்த ஊரில், எந்த நாளில், எந்த வேஷத்தில், யாரிடம் தோற்க வேண்டும் என்பதெல்லாம் கம்பெனியின் உத்தரவு. ஆனாலும் அவன் 'சுயேச்சை'. மேடையில் பட்ட காயத்துக்குக் கம்பெனி வைத்தியம் பார்க்கும். அதற்கு அப்பால் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ், முதுமைக்கு ஓய்வூதியம் என்பதெல்லாம் அவனவன் பாடு.

சண்டையின் முடிவு பொய். மேடை மெய். மெல்லிய மெத்தைக்கு அடியில் மரப்பலகை, அதற்கு அடியில் எஃகுச் சட்டம். முதுகு விழுவது அதன்மேல்தான். 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டி நகரில், வேடிக்கைக்காக அரங்கத்தின் கூரையிலிருந்து ஓவன் ஹார்ட் என்ற மல்லரைக் கயிற்றில் இறக்கினார்கள். கொக்கி விட்டுப்போயிற்று. சுமார் 78 அடி உயரத்திலிருந்து விழுந்து அவர் மாண்டார். அன்றிரவு நிகழ்ச்சியை நிறுத்தினார்களா? இல்லை. அடுத்த ஜோடி அதே மேடையில் ஏறியது.

நம் வட்டாரத்துக்கு இது புதுக் கதையா? 2010-ம் ஆண்டின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம் பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி மாண்டார். அவரை மீட்க இயந்திரத்தை உடைப்பதற்குத் தயங்கினார்கள் என்று கூட வேலை செய்தவர்கள் அன்று கொதித்தெழுந்து குற்றம் சாட்டினார்கள். 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலையே மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள்.

பெயர் மாற்றும் வித்தையும் இங்கே தாராளமாக நடக்கிறது. அங்கே 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்' என்றால், இங்கே 'டிரெயினி', 'அப்ரண்டிஸ்', 'காண்ட்ராக்ட்'. ஒரே லைன், ஒரே வேகம், ஒரே வேலை. பெயர் மட்டும் வேறு. பெயர் வேறானதால் சம்பளம் வேறு, போனஸ் வேறு, காயம்பட்டால் கிடைக்கும் கவனிப்பும் வேறு. வருஷக்கணக்கில் ஒரே திருகாணியை முடுக்குகிறவனுக்கு இன்னும் என்ன பயிற்சி பாக்கி இருக்கிறது?

'அத்தியாவசியம்' படுத்திய பாடு

2020 மார்ச்சில் கொரோனா அமெரிக்காவைப் பிடித்தது. மார்ச் 13 முதல் அந்தக் கம்பெனி புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில், தன் சொந்தப் பயிற்சிக் கூடத்தில், ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் சண்டைகளை நடத்திப் படம் பிடித்தது. புளோரிடாவில் எல்லாரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோதும் நிற்கவில்லை. எப்படி? ஏப்ரல் 9 அன்று அத்தியாவசியப் பணிகளின் பட்டியலில் இந்த மாதிரிக் கேளிக்கைத் தயாரிப்பையும் சேர்த்துவிட்டது அந்த மாநிலம். ஆஸ்பத்திரி அத்தியாவசியம், ரொட்டிக் கடை அத்தியாவசியம், குஸ்தியும் அத்தியாவசியம்!

அத்தியாவசியமானவர்களை எப்படி நடத்தினார்கள்? ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 15 அன்று மல்லர்களையும் ஊழியர்களையும் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். பணமுடையா? ரொக்கமும் கடன் வசதியுமாகச் சுமார் 50 கோடி டாலர் இருக்கிறது என்று அதே அறிவிப்பில் கம்பெனியே பெருமை பேசியது! அந்த 2020-ல் அதன் நிகர லாபம் 13 கோடி டாலருக்கு மேல். முந்திய வருஷத்தைக் காட்டிலும் அதிகம்.

ஆகஸ்டில் இன்னொரு வேடிக்கை. காலி அரங்கத்தைச் சுற்றி ஏறக்குறைய ஆயிரம் திரைகளை அடுக்கி, வீட்டிலிருக்கும் ரசிகர்களின் முகங்களை அதில் காட்டினார்கள். ஆரவாரத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். ஆள் வேண்டாம், கைதட்டல் போதும்!

கைதட்டல் என்றதும் நமக்கு நினைவு வருகிறதே! 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கைதட்டியது. தட்டுகளைக் கொட்டினார்கள், மணி அடித்தார்கள். டாக்டருக்கும் நர்சுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் மரியாதை என்றார்கள். தட்டோசை அடங்கி இரண்டே நாள். மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி தோன்றி, நாலு மணி நேர அவகாசத்தில் நாட்டைப் பூட்டினார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள்.

வயலில் வேலை செய்கிறவர்களுக்கோ சில நாட்களிலேயே விலக்கு வந்துவிட்டது. நாடு சோறு தின்ன வேண்டுமே! ஆக, விவசாயத் தொழிலாளியும் அத்தியாவசியம். அவருக்கு என்ன கொடுத்தார்கள்? நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுத் தினக்கூலி 229 ரூபாயாக இருந்தது, 2020 ஏப்ரலில் 256 ஆயிற்று. ஆண்டுதோறும் வழக்கமாகத் திருத்துகிற கூலி அது. அதையே கொரோனா நிவாரணத்தின் கணக்கிலும் எழுதிக்கொண்டார் மத்திய நிதி மந்திரி. அத்தியாவசியத்தின் விலை 27 ரூபாய்!

லைன் நின்ற நாள்

அடுத்த வருஷம் இரண்டாம் அலை வந்தது. 2021 மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. மே 24 முதல் முழு ஊரடங்கு. மளிகைக் கடையும் காய்கறிக் கடையும்கூட மூடப்பட்டன. காய்கறி வண்டியில் தெருவுக்கு வரும் என்றார்கள். ஆனால் கார்த் தொழிற்சாலைகளுக்கு விலக்கு!

தக்காளி வாங்க வெளியே வரக் கூடாது. கார் செய்ய வரலாம். நோயாளியை ஏற்றவா அந்தக் கார்? ஏற்றுமதிக்கும் ஷோரூமுக்கும் போகிற கார். ஊரெல்லாம் ஆறடி இடைவெளி என்று சர்க்கார் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தது. ஓடுகிற லைனில் ஆறடி எங்கே இருக்கிறது? வண்டியின் இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், உள்ளே குனிந்தபடி ஒருவன். ஒருவர் மூச்சு ஒருவர் முகத்தில்!

எழுதி வைத்த கதைப்படி, தொழிலாளி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு மௌனமாக உழைத்திருக்க வேண்டும். அவன் கதைப்படி நடக்கவில்லை. மே 24 அன்று இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். மறுநாள் முதல் ஐந்து நாளைக்கு ஆலை மூடப்பட்டது. ஒரகடம் ரெனால்ட்-நிஸான் ஆலையின் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. மே 26 முதல் வேலைக்கு வரமாட்டோம் என்றும் அறிவித்தது. அங்கும் உற்பத்தி நின்றது. சங்கம் கேட்டது சொத்தில் பங்கா? ஓடும் லைனில் இடையிடையே வண்டியில்லாமல் காலி இடம் விடுங்கள், ஆளுக்கு ஆள் தூரம் கிடைக்கும் என்றுதான் கேட்டது. அந்தக் காலி இடத்தில் ஒரு கார் குறையும், ஓர் உயிர் பிழைக்கும். அதற்குக் கோர்ட்டு வாசல் ஏற வேண்டியிருந்தது! அரசு அதிகாரி ஆலைக்குள் போய்ப் பார்த்து வரவேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது!

ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே. லைனை நிறுத்தினால் நாடே முழுகிப்போகும் என்றார்களே, நிறுத்தியபோது என்ன முழுகியது? சில நாள் கார் வரவில்லை, அவ்வளவுதான். 'அத்தியாவசியம்' என்ற சொல்லின் சாயம் அந்த ஒரு வாரத்தில் வெளுத்துப் போயிற்று.

பெண்களும் கதையை மாற்றினார்கள். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் கம்பெனியின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவு; 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உலகத்துப் பணக்காரர்களின் சட்டைப் பைக்குப் போகிற ஐபோனைச் செய்கிற பெண்களுக்கு ஒழுங்கான சோறு இல்லை! படுத்த தோழிகள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கும் நேரான பதில் இல்லை. டிசம்பர் 17 இரவு தொடங்கி, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்தப் பெண்கள் உட்கார்ந்தார்கள். சுமார் 17,000 பேர் வேலை செய்த ஆலை மூடப்பட்டது. ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டதே, அந்தக் கட்டிடத்தின் அஸ்திவாரம் கம்பெனியின் கருணை அல்ல. சாலையில் உட்கார்ந்த பெண்களின் துணிச்சல்தான் அது.

ஆளில்லா அரங்கத்தில் எழுதிய முடிவுகள்

பார்வையாளர் இல்லாத அரங்கத்தில் மல்யுத்தக் கம்பெனி விளையாடியதைப்போல், ஊர் பூட்டிக் கிடந்த நேரத்தில் ஆட்சியாளர்களும் விளையாடினார்கள். ஊர்வலம் போக முடியாது, கூட்டம் கூட முடியாது. இதுதான் சமயம் என்று பேனாவை எடுத்தார்கள். 2020-ல் குஜராத் முதலிய மாநிலங்கள் வேலை நேரத்தை 12 மணியாக்க உத்தரவு போட்டன. செப்டம்பரில் மூன்று விவசாயச் சட்டங்கள் நிறைவேறின. அதே மாதம், எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்து பாதி காலியாகக் கிடந்த பார்லிமெண்டில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றினார்கள்.

எழுதிய முடிவெல்லாம் நிலைத்ததா? குஜராத் உத்தரவைச் சுப்ரீம் கோர்ட்டு 2020 அக்டோபரில் ரத்துச் செய்தது. விவசாயிகள் ஒரு வருஷத்துக்கும் மேலாக டில்லி எல்லையில், பனியிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் அந்தச் சட்டங்கள் வாபஸ். தமிழ்நாட்டிலும் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்தன; மே தினத்தன்று வாபஸ். ஆனால் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்துவிட்டன. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் சர்க்காரின் அனுமதி தேவை என்ற காப்பு முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கே உண்டு. இப்போது 300 பேர் இருந்தால்தான். எங்கே எதிர்த்து உட்கார்ந்தோமோ அங்கே முடிவு மாறியது. எங்கே ஒற்றுமை போதவில்லையோ அங்கே எழுதியது எழுதியபடி நின்றது.

பெட்டி வாங்கியவன் பட்ட பாடு

சண்டை பார்க்கும் அந்தப் பெட்டியின் கதைக்கு வருவோம். தொழிலாளி அதைத் தவணையில்தான் வாங்குகிறான். 'வட்டியே இல்லை' என்று கடைவாசலில் பலகை. ரசீதைப் பார்த்தால் 'புரோசஸிங் சார்ஜ்'. பெட்டி கெட்டுப்போனால் போன் செய்ய வேண்டும். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஓர் இயந்திரம் பேசும். மனிதன் பேச மாட்டான். வாரம் கழித்து ஆள் வருவான். வாரண்டியில் இந்தச் சாமான் சேராது என்பான்.

2020 ஊரடங்கில் சம்பளம் நின்றது. தவணையை ஒத்திப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று அறிவித்தது. அது ஆகஸ்டு கடைசிவரை நீண்டது. ஜனங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் தவணைதான் தூங்கியது, வட்டி தூங்கவில்லை! அந்த மாதங்களின் வட்டியும் ஏறியது. வட்டிக்கு வட்டியும் போடப் பார்த்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் வட்டிக்கு வட்டி ஒழிந்தது. அசல் வட்டியை ஒருவரும் தள்ளுபடி செய்யவில்லை. கம்பெனி விடுமுறை விட்டது, கடன்காரன் விடவில்லை.

மல்யுத்தம் பார்க்கவும் இப்போது தனிக் கப்பம். கேபிளுக்குக் கட்டிய பணத்தில் வந்துகொண்டிருந்த ஒளிபரப்பு, 2025 ஏப்ரல் முதல் நெட்பிளிக்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டது. பத்து வருஷத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல் பேசி முடித்த உலக வியாபாரம். அந்தப் பணத்தை யாரிடம் வசூலிப்பார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் மாதாமாதம்!

ஏமாற்றப்பட்டவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணிலும் முறையிடலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஆனால் பெட்டி வாங்கியவனின் சண்டை தனி ஆளின் சண்டை. அந்தப் பெட்டியைச் செய்தவன் யார் என்று யோசித்தீர்களா? டி.வி.யும் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்கிற சாம்சங் ஆலை நம் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்கே 2024 செப்டம்பர் 9 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள். முக்கியமான கோரிக்கை ஒன்றே: எங்கள் சங்கத்தை அங்கீகரி! சங்கத்தின் பெயரில் தன் பெயர் இருக்கக் கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. கோடானுகோடிப் பெட்டிகளில் பொறிக்கலாம். பெட்டி செய்தவனின் சங்கத்துக்கு மட்டும் அந்தப் பெயர் ஆகாது! 2025 ஜனவரி 27 அன்று, அதே பெயரோடு, அந்தச் சங்கம் பதிவாயிற்று.

சங்கம் இல்லாத மேடை

மல்லர்கள் ஏன் 'சுயேச்சை'யாகவே விழுந்து சாகிறார்கள்? அவர்களும் ஒருமுறை சங்கம் பேசினார்கள். 1986-ல் ஜெஸ்ஸி வென்ச்சுரா என்பவர், கம்பெனியின் மிகப் பெரிய நிகழ்ச்சிக்குச் சற்று முன், உடைமாற்றும் அறையில் மற்ற மல்லர்களைக் கூட்டி, நாம் சங்கம் அமைக்க வேண்டும் என்றார். செய்தி உடனே முதலாளி வின்ஸ் மக்மேனின் காதுக்குப் போயிற்று. சங்கம் கருவிலேயே அழிந்தது. காட்டிக் கொடுத்தது யார்? சில வருஷம் கழித்து வென்ச்சுரா தொடுத்த வழக்கில், மக்மேனே பிரமாண வாக்குமூலத்தில் அந்தப் பெயரைச் சொன்னார் என்கிறார் வென்ச்சுரா. அந்தப் பெயர் ஹல்க் ஹோகன்! மேடையில் ஏழைகளின் ரட்சகனாக வேஷம் கட்டிய மகா வீரன். இன்றுவரை அந்த மல்லர்களுக்குச் சங்கம் கிடையாது.

கருங்காலி எப்போதும் மெலிந்தவனாகத்தான் வருவான் என்று எண்ணாதீர்கள். பெரிய தோள்களோடும் வருவான். லைனில் 'லீடர்' என்று ஒரு பட்டத்தை வாங்கிக்கொண்டும் வருவான்.

தோழர்களே! அடுத்த கொள்ளை நோய் என்றைக்கு வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்தால் மறுபடியும் அத்தியாவசியப் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியல் வருவதற்கு முன்பே நாம் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஆபத்து என்று கண்டால் லைனை நிறுத்தும் உரிமையை ஒவ்வோர் ஆலையிலும் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். காண்ட்ராக்ட் தோழனுக்கும் டிரெயினிக்கும் சங்கத்தின் கதவைத் திறக்க வேண்டும். பீகார்த் தோழனுக்கு அவன் பாஷையில் நோட்டீஸ் போட வேண்டும். சிப்காட்டுக்கு நிலம் போனபோது பட்டா இல்லாததால் நஷ்டஈட்டில் ஒரு காசும் காணாமல், இன்று அதே கம்பெனி வாசலில் புல் வெட்டுகிற விவசாயத் தொழிலாளியையும் நம்மோடு சேர்க்க வேண்டும். இந்த வாரமே, இந்த ஷிப்டிலேயே, பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசத் தொடங்குங்கள்.